எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளிக்கு வாக்கு? பிடிக்காத வேட்பாளர்களுக்கு நடுவே முடிவெடுக்கும் வழி

"எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி?" என்று கேட்டுவிட்டு, வாக்குச்சாவடிப் பக்கமே போகாமல் இருந்துவிடுகிறவர்கள் உண்டு. கொள்ளியில் நல்லது இல்லைதான். ஆனால் அடுப்பில் இருக்கும் கொள்ளியும் கூரையில் செருகிய கொள்ளியும் ஒன்றல்ல. முதல் முறை வாக்களிக்கப் போகிறவர்களும், இதுவரை கட்சிக்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாக்களித்துவிட்டு இந்த முறை தயங்குகிறவர்களும் அந்த வேறுபாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் இந்தக் கட்டுரை சொல்கிறது. யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்று இதில் எங்கும் இல்லை.

தேவையானவை: ஒரு முழுத்தாள், பேனா, இணையம், வேட்பாளர் ஒருவருக்கு முக்கால் மணி நேரம். வாக்குப்பதிவுக்குப் பத்து நாளாவது முன்பே தொடங்குங்கள். கடைசி மூன்று நாட்களில் வரும் காணொளிகளும் குற்றச்சாட்டுகளும் சரிபார்க்க நேரம் கொடுக்காமல் வருபவை. அந்த நேரத்தில் யோசிக்கத் தொடங்கினால் கோபம்தான் முடிவெடுக்கும்.

1. முதலில் எண்ணும் முறையைத் தெரிந்துகொள்ளுங்கள்

வேட்பாளரைப் பற்றி யோசிப்பதற்கு முன், உங்கள் வாக்குச்சீட்டை எப்படி எண்ணப் போகிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலான குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. ஒரு நாட்டில் புத்திசாலித்தனமான வாக்கு இன்னொரு நாட்டில் வீணாகும். ஒரே நாட்டிலேயே அதிபர் தேர்தலுக்கு ஒரு முறையும் நாடாளுமன்றத்துக்கு வேறு முறையும் இருக்கலாம்.

அதிக வாக்கு பெற்றவரே வெற்றி என்ற முறை இந்தியா, மலேசியா, பிரிட்டன், கனடா போன்ற நாடுகளில் இருக்கிறது. இதில் பாதிக்கு மேல் வாங்க வேண்டிய அவசியம் இல்லை. மூவர் நிற்கும் இடத்தில் 36 சதவீதம் வாங்கியவர், 64 சதவீதம் பேருக்குப் பிடிக்காதவராக இருந்தும் வென்றுவிடுவார். இந்த முறையில் "ஓட்டு பிரிவது" என்பது வெறும் மேடைப் பேச்சு அல்ல, கணக்கு. உங்களுக்கு ஓரளவு ஒத்துவரும் இரண்டு பேர் நின்றால், ஒத்தே வராத மூன்றாமவர் நடுவில் புகுந்து ஜெயிக்கலாம்.

இரண்டு சுற்று முறை பிரான்ஸ் அதிபர் தேர்தலில் இருப்பது. முதல் சுற்றில் யாரும் பாதியைத் தாண்டாவிட்டால் முதல் இருவர் மட்டும் இரண்டாம் சுற்றுக்குப் போவார்கள். முதல் சுற்றில் மனதுக்குப் பிடித்தவர், இரண்டாம் சுற்றில் சகிக்கத்தக்கவர் என்பது பொதுவான வழி. ஆனால் அதற்கும் ஒரு எல்லை உண்டு. 2002-இல் பிரான்சில் முதல் சுற்றில் 16 பேர் நின்றார்கள். இடதுசாரி வாக்குகள் பல பேருக்குச் சிதறின. சோசலிஸ்ட் வேட்பாளர் ஜோஸ்பன் 16.18 சதவீதம், தீவிர வலதுசாரி லெ பென் 16.86 சதவீதம். இரண்டு லட்சத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் ஜோஸ்பன் வெளியேறினார். இரண்டாம் சுற்றில், முதலிடம் பிடித்திருந்த வலதுசாரி சிராக்கை விரும்பாத லட்சக்கணக்கான இடதுசாரிகள் அவருக்கே வாக்களித்தார்கள், சிராக் 82 சதவீதம் வாங்கினார். இரண்டாம் சுற்றுக்கு யார் போவார்கள் என்பது உறுதியாகத் தெரியாத நிலையில் முதல் சுற்றும் தந்திரமாக யோசிக்க வேண்டிய சுற்றுதான்.

விருப்ப வரிசை முறை, பிடிக்காத வேட்பாளர்களுக்கு நடுவே தவிப்பவர்களுக்கு மிகவும் உதவக்கூடியது. ஆனால் அதைப் பயன்படுத்தத் தெரியாமல் வீணடிப்பவர்களே அதிகம். இலங்கை அதிபர் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 1, 2, 3 என்று மூன்று பேர் வரை வரிசைப்படுத்தலாம். முதல் எண்ணிக்கையில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்ற அனைவரும் நீக்கப்படுவார்கள். நீக்கப்பட்டவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் அந்த இருவரில் யாருக்காவது 2 அல்லது 3 இடப்பட்டிருந்தால் மட்டும் அது சேர்க்கப்படும். 2024 செப்டம்பரில் முதன்முறையாக இந்த இரண்டாம் எண்ணிக்கை நடந்தது. மற்ற வேட்பாளர்களுக்கு விழுந்த வாக்குகள் சுமார் 33 லட்சம். அவற்றில் முதல் இரு இடங்களைப் பிடித்த அநுர குமார திசாநாயக்கவுக்கோ சஜித் பிரேமதாசவுக்கோ போய்ச் சேர்ந்தவை சுமார் 2 லட்சத்து 73 ஆயிரம் மட்டுமே. மீதி 30 லட்சம் பேர் இறுதிப் போட்டியில் எதுவும் சொல்லவில்லை. அவர்களில் எத்தனை பேர் தெரிந்தே அப்படிச் செய்தார்கள், எத்தனை பேர் "ஒரு கோடு போட்டால் போதும்" என்ற பழக்கத்தில் செய்தார்கள் என்பதைச் சீட்டு சொல்லாது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்றுதான். இத்தகைய முறையில் 1 என்பது உங்கள் மனதுக்கு. 2-இலோ 3-இலோ, கடைசி இருவராக வரக்கூடியவர்களில் ஒருவர் கண்டிப்பாக இருக்க வேண்டும். அவரைப் பிடிக்கவில்லை என்றாலும் இன்னொருவரைவிடத் தேவலை என்றால் எழுதுங்கள். அப்படி எழுதுவதால் உங்கள் முதல் தேர்வுக்கு ஒரு குந்துமணி அளவு நட்டமும் இல்லை, அவர் நீக்கப்பட்ட பிறகுதான் அடுத்த எண்ணைப் பார்ப்பார்கள். ஒரே சீட்டில் புள்ளடியையும் (× குறி) எண்களையும் கலக்காதீர்கள். 1 இல்லாமல் 2, 3 மட்டும் எழுதினால் சீட்டு செல்லாது.

ஆஸ்திரேலியக் கீழவைத் தேர்தலில் எல்லாப் பெட்டியிலும் எண் இட வேண்டும். அங்கே கீழிருந்து மேலாக நிரப்புவது நல்ல உத்தி. யார் வரவே கூடாதோ அவருக்குக் கடைசி எண், அதற்கு அடுத்து மோசமானவருக்கு அதற்கு முந்தைய எண். யாரைப் பிடிக்கும் என்று தெரியாதவர்களுக்கும் யார் கூடாது என்று நன்றாகவே தெரிந்திருக்கும்.

விகிதாசார முறையில் கட்சிக்கு விழும் வாக்குக்கு ஏற்ப இடங்கள் கிடைக்கும். இங்கே சிறிய கட்சிக்கு வாக்களிப்பதில் பயம் குறைவு. ஆனால் குறைந்தபட்ச வரம்பைப் பாருங்கள். ஜெர்மனியில் நாடு முழுவதும் 5 சதவீதம், இலங்கை நாடாளுமன்றத் தேர்தலில் மாவட்ட அளவில் 5 சதவீதம். இலங்கையில் கட்சிக்குப் புள்ளடி இட்ட பிறகு அதே கட்சியின் வேட்பாளர்களில் மூன்று பேர் வரை விருப்பு வாக்கும் போடலாம். கட்சி பிடித்து, அதன் தலைமை வேட்பாளர் பிடிக்காமல் இருந்தால், அவரை விட்டுவிட்டு மற்றவர்களுக்கு விருப்பு வாக்குப் போடுவதே அதற்கான பதில்.

2. அந்தப் பதவியால் என்ன செய்ய முடியும்?

இரண்டாவது கேள்வி இது. பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நகர்மன்ற உறுப்பினரை வெளியுறவுக் கொள்கைக்காக வெறுப்பதும், நாடாளுமன்ற வேட்பாளரைச் சாக்கடைக்காகத் திட்டுவதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள்.

அதிபர் ஆட்சி முறையில் ஆள் மிக முக்கியம். படையையும் நியமனங்களையும் மன்னிப்பு அதிகாரத்தையும் ஒரே கையில் கொடுக்கிறீர்கள். அவருடைய குணம், யாரைப் பக்கத்தில் வைத்திருக்கிறார், தன் பேச்சை மறுப்பவரை என்ன செய்கிறார் என்பதெல்லாம் கொள்கை அளவுக்கே எடை உள்ளவை.

நாடாளுமன்ற ஆட்சி முறையில் நிலைமை வேறு. உதாரணத்துக்கு, இந்தியாவில் 1985-இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தின்படி, கொறடா உத்தரவை மீறி அவையில் வாக்களிக்கும் உறுப்பினர் பதவியை இழக்க நேரிடும். உங்கள் வேட்பாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் முக்கியமான வாக்கெடுப்புகளில் கட்சி சொல்வதைத்தான் செய்வார். "ஆள் தங்கமானவர், கட்சிதான் சரியில்லை" என்றால் அங்கே அந்தத் தங்கத்துக்கு மதிப்புக் குறைவு. அதைப்போல, "கட்சி பரவாயில்லை, ஆள் சுமார்" என்றால் அந்தச் சுமாரைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம். கொள்கைகளில் பெரிய வித்தியாசம் இல்லாத உள்ளாட்சித் தேர்தலில் இது தலைகீழ். அங்கே தொலைபேசியை எடுக்கிறாரா, ஒப்பந்தம் யாருக்குப் போகிறது என்பதுதான் பேச்சு.

ஒரே நாளில் இரண்டு மூன்று பதவிகளுக்குத் தேர்தல் நடந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக முடிவெடுங்கள். எல்லாச் சீட்டிலும் ஒரே சின்னம் என்பது வசதி மட்டுமே. பெரிய பதவிக்குச் சகிக்கத்தக்கவர், அவரைக் கேள்வி கேட்கும் அவைக்கு எதிர்த்தரப்பு என்று பிரித்துப் போடுவதும் முறையான தேர்வுதான். அவர்கள் ஒருவரையொருவர் முடக்கிவிட்டால் எந்தச் சட்டமும் நிறைவேறாது என்பதை அறிந்து செய்யுங்கள்.

3. வெறுப்பைப் பிரித்து எழுதுங்கள்

இப்போது தாளை எடுங்கள். வெல்லும் வாய்ப்புள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு பத்தி. அவர்மேல் உங்களுக்குள்ள குறைகளை ஒரு வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். எட்டுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது எந்த வகை என்று குறியுங்கள்: பேச்சு, செயல், கொள்கை, குணம், கட்சி.

பெரும்பாலான தாள்களில் பாதிக்கு மேல் "பேச்சு" என்று வரும். ஆணவமாகப் பேசினார், உளறினார், அழுதார், கேலி செய்தார். இவை மனதில் ஒட்டுவதற்குக் காரணம் காணொளியாகத் திரும்பத் திரும்ப வருவதுதான். அவற்றை அடிக்க வேண்டாம், ஆனால் ஒரு பேச்சு ஒரு செயலுக்குச் சமம் என்று எடை போடாதீர்கள். குறிப்பிட்ட மக்களைத் தாக்கத் தூண்டும் பேச்சு மட்டும் விதிவிலக்கு, அதைச் செயல் என்றே குறியுங்கள்.

அடுத்து, இரண்டாம் படியில் பார்த்த பதவியின் அதிகாரத்துக்கு வெளியே இருப்பவற்றைக் கோடிட்டு அடியுங்கள்.

மிச்சம் இருப்பதில் பெயர் மாற்றிப் படிக்கும் சோதனையைச் செய்யுங்கள். ஒருவர்மேல் எழுதிய குறையில் அவர் பெயரை எடுத்துவிட்டு எதிராளியின் பெயரைப் போட்டு உரக்கப் படியுங்கள். "அதனால் என்ன?" என்று தோன்றினால் அது குறையைப் பற்றிய கோபம் அல்ல, ஆளைப் பற்றியது. இந்தச் சோதனையில் எல்லாருக்கும் இரண்டு மூன்று வரிகள் விழும். வாரிசு அரசியல், கூட்டணி மாறியது, வழக்கு, பணக்காரர் என்பவை அதிகம் விழும் இடங்கள்.

"இரண்டு பேரும் ஒன்றுதான்" என்ற முடிவு இந்தக் கட்டத்தில் எட்டிப் பார்க்கும். அதை நம்புவதற்கு முன் இரண்டு பத்திகளையும் பக்கத்தில் வைத்துப் பொதுவாக உள்ள வரிகளை இரண்டிலும் அடித்துவிடுங்கள். இருவரும் ஊழல் செய்கிறவர்கள் என்றால், அளவில் பெரிய வித்தியாசம் இல்லாதவரை, ஊழல் உங்கள் முடிவை மாற்றப் போவதில்லை. அடிபடாமல் நிற்கும் வரிகள்தான் உங்கள் தேர்தல்.

4. ஆவணங்களைப் பாருங்கள்

பல நாடுகளில் வேட்பாளர்கள் சொத்து விவரத்தையோ வழக்கு விவரத்தையோ எழுத்தில் தர வேண்டும். இந்தியாவில் உச்ச நீதிமன்றத்தின் 2002-ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தொடர்ந்து, படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரத்தில் குற்ற வழக்குகள், சொத்து, கடன், கல்வித் தகுதி எல்லாம் வருகின்றன. தேர்தல் ஆணையத்தின் தளத்தில் அதை யாரும் பார்க்கலாம். உங்கள் நாட்டில் என்ன கிடைக்கும் என்று தேர்தல் ஆணையத் தளத்தில் முதலில் தேடுங்கள். செய்தித் துண்டுகளைவிட மூல ஆவணம் நல்லது.

வழக்குகளைப் படிக்கும்போது எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். "இவர்மேல் 14 வழக்கு, அவர்மேல் 2" என்பது எதையும் சொல்லாது. பதினான்கும் சாலை மறியலுக்காக இருக்கலாம், இரண்டில் ஒன்று கொலை முயற்சியாக இருக்கலாம். பார்க்க வேண்டியவை இரண்டு: குற்றத்தின் தன்மை, வழக்கின் கட்டம். முதல் தகவல் அறிக்கை என்பது ஒருவர் புகார் கொடுத்தார் என்பதற்கு மட்டுமே சான்று. குற்றப்பத்திரிகை தாக்கல் என்றால் காவல்துறை விசாரித்து ஆதாரம் இருப்பதாகச் சொல்கிறது. குற்றச்சாட்டுப் பதிவு என்றால் நீதிமன்றமும் விசாரணைக்குரியது என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. தண்டனை என்றால் மேல்முறையீடு இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் எடை கூடும்.

சொத்தில் மொத்தத் தொகை பெரிதா சிறிதா என்பதைவிட மாற்றம் முக்கியம். அதே ஆள் முந்தைய தேர்தலில் கொடுத்த பத்திரத்தையும் எடுத்து இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். பழைய நிலத்தின் விலை ஏறியிருந்தால் அது பதவியால் வந்தது என்று சொல்ல முடியாது. புதிதாக வாங்கிய நிலம், புதிய நிறுவனப் பங்குகள், துணைவர் பெயரில் திடீரென்று தோன்றியவை ஆகியவற்றைத் தனியாகக் கூட்டுங்கள். அறிவித்த வருமானத்தில் அவ்வளவு வாங்கியிருக்க முடியுமா என்று பாருங்கள். இந்த ஒப்பீட்டைச் செய்ய இருபது நிமிடம் போதும், ஆனால் செய்கிறவர்கள் மிகக் குறைவு.

ஏற்கெனவே பதவியில் இருந்தவர் என்றால் வருகைப் பதிவு, கேட்ட கேள்விகள், முக்கிய மசோதாக்களில் எப்படி வாக்களித்தார் என்பவை கிடைக்கும். வருகைக்கு அதிக மதிப்பெண் கொடுக்காதீர்கள், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. பதவியில் இல்லாதவரை எடை போடுவதுதான் கடினம். அவர் இதற்கு முன் எதை நடத்தினார், சங்கமோ நிறுவனமோ கூட்டுறவோ, அங்கே கணக்கு ஒழுங்காக இருந்ததா, கூட வேலை செய்தவர்கள் இன்னும் கூட இருக்கிறார்களா என்று தேடுங்கள்.

தேர்தல் அறிக்கையில் மூன்றும் சேர்ந்து இருக்கும் வரிகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: எவ்வளவு, எப்போது, எந்தப் பணத்தில். மற்றவை அலங்காரம். பெரும்பாலான அறிக்கைகளில் மூன்றும் சேர்ந்த வரிகள் ஒரு கைவிரலுக்குள் அடங்கிவிடும்.

5. திருத்த முடியாத சேதம் எது?

நல்ல வேட்பாளர் இல்லாத தேர்தலில் தீர்மானிக்க வேண்டிய கேள்வி இதுதான். இருவரும் சேதம் செய்வார்கள் என்று வைத்துக்கொள்வோம். யார் செய்யும் சேதத்தை அடுத்த தேர்தலில் சரிசெய்ய முடியும்?

1991-இல் அமெரிக்காவின் லூசியானா மாநில ஆளுநர் தேர்தலில் கடைசியில் இரண்டே பேர் மிஞ்சினார்கள். ஒருவர் எட்வின் எட்வர்ட்ஸ், ஊழல்வாதி என்று பெயரெடுத்த முன்னாள் ஆளுநர். மற்றவர் டேவிட் டியூக், கறுப்பின மக்களுக்கு எதிரான கு கிளக்ஸ் கிளான் அமைப்பின் முன்னாள் தலைவர். "திருடனுக்கே வாக்களியுங்கள், இது முக்கியம்" என்று கார்களில் ஒட்டிக்கொண்டு மக்கள் எட்வர்ட்ஸுக்கு வாக்களித்தார்கள். அவர் 61 சதவீதம் வாங்கி வென்றார். அதோடு கதை முடியவில்லை. சூதாட்டக் கப்பல் உரிமங்களில் பணம் பறித்த வழக்கில் அதே எட்வர்ட்ஸ் 2000-இல் குற்றவாளி என்று தீர்ப்பாகிச் சிறைக்குப் போனார். வாக்காளர்கள் அவரை நல்லவர் என்று நம்பவில்லை, அவர் நல்லவராகவும் இல்லை. ஆனால் அவரைப் பிடித்து நிறுத்தக்கூடிய நீதிமன்றம் அங்கே இருந்தது. திருட்டுக்குப் பிறகு தண்டனை கொடுக்கலாம். ஒரு இனத்தையே இரண்டாம் தரக் குடிமக்களாக்க நினைப்பவரிடம் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு திருத்திக்கொள்வது அவ்வளவு எளிதல்ல.

தாளில் மிஞ்சிய ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் "திரும்பும்" அல்லது "திரும்பாது" என்று எழுதுங்கள். தவறான வரி, வீணான திட்டம், மோசமான நியமனம் ஆகியவை பெரும்பாலும் திரும்பும், செலவாகும், வலிக்கும், ஆனாலும் திரும்பும். உயிரிழப்பு, போர், ஒரு சமூகத்தின் குடியுரிமையைப் பறித்தல், அழிந்த ஆறு, தேர்தல் அமைப்பையே வளைத்தல் ஆகியவை திரும்பாதவை. அதோடு ஒவ்வொருவரைப் பற்றியும் மூன்று கேள்விகளுக்கு ஆம், இல்லை என்று பதில் எழுதுங்கள்:

- இதற்கு முன் தோற்றபோது தோல்வியை ஏற்றுக்கொண்டாரா?
- தனக்கு எதிரான தீர்ப்பு வந்தபோது அதற்குக் கட்டுப்பட்டாரா?
- தன்னைக் கேள்வி கேட்ட செய்தியாளரையோ அதிகாரியையோ பழிவாங்கினாரா?

இவற்றில் மோசமான பதில் வாங்கியவர் கொள்கையில் உங்களுக்கு எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும், அவரை அனுப்பியபின் திரும்ப இறக்குவது கடினம். என் கணிப்பில் வரி, மானியம், சாலை எல்லாவற்றையும்விட இந்த மூன்றுக்கும் எடை அதிகம். கூரையில் செருகிய கொள்ளி என்பது இதுதான்.

6. போட்டி எவ்வளவு நெருக்கம்?

சகிக்கத்தக்கவர் யார் என்று தெரிந்துவிட்டது. அவருக்கு உங்கள் வாக்கு தேவையா? உங்கள் தொகுதியின் கடைசி மூன்று தேர்தல் முடிவுகளை எடுத்து, முதல் இருவருக்கும் இடையிலான வித்தியாசத்தையும் மூன்றாமவர் வாங்கியதையும் எழுதுங்கள். தொகுதி மறுவரையறை நடந்திருந்தால் பழைய எண்கள் பொருந்தாது என்பதையும் கவனியுங்கள்.

வித்தியாசம் மூன்று முறையும் 15 சதவீதத்தைத் தாண்டியிருந்து, கூட்டணிகளும் மாறவில்லை என்றால், உங்கள் ஒரு வாக்கு வெற்றியாளரை மாற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. மனசாட்சிப்படி சிறிய கட்சிக்கோ சுயேச்சைக்கோ போட அது நல்ல இடம். ஒருமுறையாவது 5 சதவீதத்துக்குள் வந்திருந்தால் அது நெருக்கமான தொகுதி என்று எடுத்துக்கொள்ளுங்கள். 2008-இல் ராஜஸ்தானின் நாத்துவாரா சட்டமன்றத் தொகுதியில் சி. பி. ஜோஷி ஒரே ஒரு வாக்கில் தோற்றார். 2000-இல் அமெரிக்க அதிபர் பதவி புளோரிடாவில் 537 வாக்குகளில் முடிவானது. அங்கே மூன்றாவது வேட்பாளர் ரால்ஃப் நேடர் வாங்கியது 97,488.

கருத்துக்கணிப்பை இதற்குப் பயன்படுத்தும்போது இரண்டு தவறுகள் நடக்கின்றன. மாநிலம் முழுவதற்குமான கணிப்பைத் தங்கள் தொகுதிக்குப் பொருத்திப் பார்ப்பது ஒன்று. ஆயிரம் பேரிடம் கேட்ட கணிப்பில் ஒரே தொகுதியைச் சேர்ந்தவர்கள் ஏழெட்டுப் பேர்கூட இருக்கமாட்டார்கள். இரண்டாவது, பிழை வரம்பைத் தவறாகப் படிப்பது. ஆயிரம் பேர் கணிப்பில் பிழை வரம்பு சுமார் 3 சதவீதம் என்றால் அது ஒவ்வொருவரின் ஆதரவுக்கும் உரியது. இருவருக்கும் இடையிலான இடைவெளிக்குப் பிழை ஏறக்குறைய இரட்டிப்பு. எனவே 4 சதவீத முன்னிலை என்பது முன்னிலையே அல்ல.

7. கையில் உள்ள வழிகள்

*சகிக்கத்தக்கவருக்குப் போடுவது.* போட்டி நெருக்கமாக இருந்து, தாளில் "திரும்பாது" என்ற வரி ஒருவர் பக்கம் மட்டும் இருந்தால் இதுவே சரி என்று தயங்காமல் சொல்வேன். வாக்கு நற்சான்றிதழ் அல்ல. அதில் உங்கள் பெயரும் இல்லை, பாராட்டும் இல்லை.

*மூன்றாமவருக்குப் போடுவது.* வெல்லாத வாக்கும் வேலை செய்யும், ஆனால் என்ன வேலை என்று தெரிந்து போடுங்கள். இந்தியாவில் செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காதவர் வைப்புத்தொகையை இழப்பார். மாநிலத்தில் 8 சதவீத வாக்கு பெற்றால் இடம் எதுவும் வெல்லாமலே ஒரு கட்சி மாநிலக் கட்சி என்ற அங்கீகாரத்தைப் பெறலாம். அதனால் நிலையான சின்னம் கிடைக்கும். பிரிட்டனில் 5 சதவீதத்தைத் தாண்டினால் 500 பவுண்டு வைப்புத்தொகை திரும்பக் கிடைக்கும். உங்கள் மூன்றாமவர் இத்தகைய ஒரு கோட்டின் அருகில் இருந்தால் உங்கள் வாக்குக்குத் தெளிவான பயன் உண்டு. அரை சதவீதத்தில் இருப்பவருக்குப் போடுவது மனநிறைவுக்கு மட்டும். இன்னொன்று, முதல் இருவருக்கும் செய்த அதே ஆவணச் சோதனையை மூன்றாமவருக்கும் செய்யுங்கள். பதவிக்கு வராததால் கறைபடாதவர், நல்லவராகத்தான் இருப்பார் என்று நினைத்துவிடக் கூடாது.

*நோட்டா, வெற்றுச்சீட்டு.* இதில்தான் தவறான நம்பிக்கைகள் அதிகம். இந்தியாவில் 2013 செப்டம்பர் 27-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, யாருக்கும் வாக்கு இல்லை என்று பதியும் நோட்டா பொத்தான் வந்தது. அதற்கு முன் 49-ஓ விதியின் கீழ் வாக்குச்சாவடி அலுவலரிடம் சொல்லிப் பதிய வேண்டியிருந்தது, ரகசியம் இல்லை. நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களில் நோட்டா முதலிடம் பிடித்தாலும் மறுதேர்தல் கிடையாது, அடுத்து அதிக வாக்கு பெற்ற மனிதர் வெல்வார். 2024-இல் இந்தூர் மக்களவைத் தொகுதியில் நோட்டாவுக்கு 2 லட்சத்து 18 ஆயிரத்துக்கு மேல் விழுந்து இரண்டாம் இடம் வந்தது, முடிவு மாறவில்லை. வைப்புத்தொகைக் கணக்கிலும் நோட்டா சேராது. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் 1975-இல் சட்டமான "இவர்களில் யாருமில்லை" என்ற தேர்வும் அப்படித்தான். 2014-இல் ஒரு கட்சியின் ஆளுநர் வேட்பாளர் தேர்வில் அது முதலிடம் பிடித்தது, இரண்டாவதாக வந்தவர் வேட்பாளரானார். கொலம்பியாவில் கதை வேறு. அங்கே வெற்றுவாக்கு பாதிக்கு மேல் போனால் புதிய வேட்பாளர்களுடன் மறுதேர்தல். 2011-இல் பெல்லோ நகர மேயர் தேர்தலில் அது நடந்தது. உங்கள் நாட்டுச் சட்டம் இதில் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

*சீட்டைச் செல்லாததாக்குவது.* தனி நோட்டா இல்லாத நாடுகளில் சிலர் இதைச் செய்கிறார்கள். எண்ணுகிறவர் பார்வையில் அது தவறாக மடித்த சீட்டோடும் கை நடுங்கிய முதியவரின் சீட்டோடும் ஒரே கட்டில் போய்விடும். 2011 சிங்கப்பூர் அதிபர் தேர்தலில் நால்வர் நின்றார்கள், வென்றவருக்கும் அடுத்தவருக்கும் வித்தியாசம் 7,382. செல்லாத வாக்குகள் 37 ஆயிரத்துக்கு மேல். வித்தியாசத்தைப் போல ஐந்து மடங்கு வாக்குகள் எந்தச் செய்தியையும் சொல்லாமல் ஒதுக்கப்பட்டன.

*போகாமல் இருப்பது.* இதை எதிர்ப்பு என்று யாரும் படிக்கமாட்டார்கள், வேலை இருந்தது என்றோ அக்கறை இல்லை என்றோதான் படிப்பார்கள். கட்சிகள் வாக்களிக்காதவர்களின் தெருவுக்கு வருவதையும் குறைத்துக்கொள்ளும். ஆஸ்திரேலியாவில் காரணமின்றிப் போகாவிட்டால் 20 டாலர் அபராதமும் உண்டு.

8. வாக்குச்சாவடியில்

முடிவை முந்தின நாள் இரவே எடுத்துவிடுங்கள். வேட்பாளரின் முழுப் பெயர், சின்னம், வரிசை எண் மூன்றையும் மனதில் வையுங்கள். முன்னணி வேட்பாளரின் பெயரையே கொண்ட சுயேச்சைகளை நிறுத்தி வாக்கைச் சிதறடிப்பது பழைய தந்திரம். இந்தியாவில் 2015 முதல் வேட்பாளர் படமும் சேர்க்கப்படுவதற்கு இதுவே காரணம். சீட்டில் திட்டோ அறிவுரையோ கையெழுத்தோ எழுதாதீர்கள், வாக்காளரை அடையாளம் காட்டும் குறி இருந்தால் பல நாடுகளில் சீட்டு செல்லாது. காகிதச் சீட்டில் தவறிக் குறியிட்டுவிட்டால் பெட்டியில் போடுவதற்கு முன் அலுவலரிடம் சொல்லுங்கள். பல இடங்களில் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு புதிய சீட்டு தருவார்கள்.

9. தாளைத் தூக்கிப் போடாதீர்கள்

நீங்கள் வாக்களித்தவர் வென்றிருந்தால் அவர்மேல் நீங்கள் எழுதிய குறைகள் இப்போது கேள்விப் பட்டியல். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பிடிக்காமல் வாக்களித்தவரை ஆதரித்துப் பேச வேண்டிய கடன் உங்களுக்கு இல்லை. "நான்தானே போட்டேன்" என்று அவர் தவறுகளுக்குச் சமாதானம் தேடும் பழக்கம் மெல்ல வரும், அதைக் கவனியுங்கள்.

பிடிக்காத இருவர் உங்கள் முன்னால் வந்து நின்றது வாக்குப்பதிவு நாளில் நடந்ததல்ல. கட்சிகளுக்குள் வேட்பாளர் தேர்வு பல மாதம் முன்பே முடிந்துவிடுகிறது. அதில் பங்கெடுப்பவர்கள் மிகச் சிலர். அடுத்த தேர்தலுக்கான வேட்பாளர் தேர்வு எப்போது தொடங்கும், உங்களுக்கு ஓரளவு ஒத்துவரும் கட்சியில் யார் கையில் அது இருக்கிறது, உறுப்பினராவதற்கு என்ன தேவை என்று விசாரித்து, அந்தத் தேதியை இதே தாளின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள்.